பொங்கலன்று பிராங்க்ஃபர்ட்டில்: ஒரு வணிக விசாவின் வரவு செலவு

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு ஜனவரி மாதம் என்றால் ஜெர்மனிதான். பிராங்க்ஃபர்ட்டில் 1971 முதல் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிதான் அவர்களின் ஆண்டுக் கணக்கின் முதல் வரி. மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரான், அடுப்படி கிளவுஸ், மெத்தை உறை என்று கரூர்த் தறிகளில் பிறக்கும் எல்லாவற்றுக்கும் ஐரோப்பிய பையர்கள் ஒரே கூரையின்கீழ் கிடைப்பது அந்த நான்கு நாட்களில்தான். 2025இல் 3,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அங்கே ஸ்டால் போட்டன. தேதிகளைப் பாருங்கள்: 2025இல் ஜனவரி 14 முதல் 17 வரை, 2026இல் 13 முதல் 16 வரை. அதாவது வீட்டில் பொங்கல் பானை ஏறும் நேரத்தில், குடும்பத் தலைவர் நாலரை மணி நேரம் பின்தங்கிய ஓர் ஊரில் சாம்பிள் விரித்துக்கொண்டு நிற்பார். இந்தச் செலவை எந்த ஆடிட்டரும் எழுதுவதில்லை.

எழுதக்கூடிய செலவுகளைத்தான் இங்கே கணக்கிடப் போகிறேன். பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் குறுகிய கால ஷெங்கன் வணிக விசாவுக்கு என்ன ஆகிறது? பணம் எவ்வளவு, நாட்கள் எவ்வளவு, மறுத்துவிட்டால் போவது எவ்வளவு, ஒழுங்காகப் பயன்படுத்தினால் மிஞ்சுவது எவ்வளவு? கணக்கு சுலபமாக இருக்க ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். சந்தை விலை ஏறும், இறங்கும். டிக்கெட், அறை, சாப்பாடு ஆகியவற்றுக்கு நான் போட்டிருப்பவை மதிப்பீடுகள். உங்கள் பில்லை வைத்து மாற்றிக்கொள்ளலாம். விசா விதிகள் சார்ந்த எண்கள் சட்டத்தில் உள்ளவை.

முதலில் கட்டணம். பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ. 2024 ஜூன் 11 முதல் இந்தத் தொகை. 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். வணிகப் பயணத்தில் அதற்கு வேலையில்லை. 2006 வரை இது 35 யூரோவாக இருந்தது. 2007இல் 60 ஆனது, 2020 பிப்ரவரியில் 80 ஆனது, பிறகு 90. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கட்டணத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய விசாச் சட்டமே இப்போது சொல்வதால், அடுத்த ஏற்றமும் வரும் என்று எதிர்பார்ப்பதே புத்திசாலித்தனம்.

யூரோவில் மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான் தெரியும். 2007 தொடக்கத்தில் ஒரு யூரோ ஏறக்குறைய 57 ரூபாய். அன்றைய 60 யூரோ நமக்கு 3,400 ரூபாய்ச் சுமை. 2020 பிப்ரவரியில் யூரோ 79 ரூபாய் அளவில் இருந்தது. 80 யூரோ 6,300 ரூபாய் ஆனது. 2024 ஜூனில் யூரோ 90 ரூபாய். 90 யூரோவுக்கு 8,100. இன்றைக்கு 100 ரூபாய் என்றால் 9,000. கடைசி 900 ரூபாயை பிரஸ்ஸல்ஸ் ஏற்றவில்லை; ரூபாய் இறங்கியதில் தானாக ஏறியது. 2007இலிருந்து யூரோக் கட்டணம் ஒன்றரை மடங்காகியிருக்க, ரூபாய்க் கணக்கில் அது இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது. ஏற்றுமதியாளருக்கு யூரோ ஏறினால் வருமானமும் ஏறும் என்பது உண்மை. ஆனால் முதல்முறை கண்காட்சிக்குப் போகிறவருக்கு இன்னும் ஒரு யூரோகூட வரவில்லை. செலவு மட்டும்தான் யூரோவில்.

கட்டணத்தோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் சேரும். தூதரகத்தின் சார்பில் விண்ணப்பம் வாங்கும் வெளிமுகமை, விசாக் கட்டணத்தில் பாதிக்கு மேல் வசூலிக்கக் கூடாது என்பது பொது விதி. ஆக உச்சவரம்பு 45 யூரோ. நடைமுறையில் 2,000 ரூபாய் என்று போட்டுக்கொள்ளலாம். குறுஞ்செய்தித் தகவல், கூரியர், சொகுசுக் காத்திருப்பறை என்று மையத்தில் நீட்டப்படும் மற்றவை எல்லாம் விருப்பச் சேவைகள்தாம். வேண்டாம் என்று சொன்னால் விண்ணப்பத்துக்கு ஒரு குறையும் வராது. புதிதாகப் போகிறவர்கள் இது தெரியாமலே பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்கள்.

பயணக் காப்பீடு கட்டாயம். குறைந்தது 30,000 யூரோவுக்கு, அதாவது 30 லட்சம் ரூபாய்க்கு, மருத்துவச் செலவையும் உடலைத் தாயகம் கொண்டுவரும் செலவையும் ஏற்பதாக இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதி முழுவதும் செல்லுபடியாக வேண்டும். பத்து நாளுக்கு 1,500 ரூபாயில் முடிந்துவிடும். 35க்கு 45 மில்லிமீட்டர் அளவுள்ள படம் 300 ரூபாய். நகல், அச்சு, தமிழில் உள்ள ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு என்று 1,200. கடைசியாக, பத்து விரல் ரேகை கொடுக்க கரூரிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்குப் போய்வர, ஓர் இரவு தங்க, 4,500.

விசா தலைப்பில் மட்டும் கூட்டினால்:

விசாக் கட்டணம் 9,000
சேவைக் கட்டணம் 2,000
காப்பீடு 1,500
படம் 300
ஆவணச் செலவு 1,200
சென்னைப் பயணம் 4,500
மொத்தம் 18,500 ரூபாய்

இதைப் பயணத்தின் முழுச் செலவோடு வைத்துப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்கு 7,500 கிலோமீட்டருக்கு மேல். நேரடி விமானம் உண்டு. போய்வர 70,000 ரூபாய் என்போம். கண்காட்சி வாரத்தில் அந்த ஊரில் அறை வாடகை சாதாரண நாளைப் போல இருக்காது; ஓர் இரவு 150 யூரோவுக்குக் கிடைத்தால் நல்ல விலை. ஆறு இரவுக்கு 900 யூரோ, 90,000 ரூபாய். மைன்ஸ், ஆஃபன்பாக், ஹனாவ் போன்ற பக்கத்து ஊர்களில் தங்கி உள்ளூர் ரயிலில் வந்துபோகிறவர்கள் இதில் கணிசமாக மிச்சம் பிடிக்கிறார்கள். சாப்பாடு, உள்ளூர்ப் பயணம் ஏழு நாளுக்கு நாள் ஒன்றுக்கு 45 யூரோ வீதம் 31,500 ரூபாய். இந்த 45 யூரோவை நான் சும்மா எடுக்கவில்லை: ஜெர்மனிக்கு வரும் ஒருவரிடம் நாளொன்றுக்கு இவ்வளவு கையிருப்பு இருக்க வேண்டும் என்று எல்லை அதிகாரிகள் வைத்திருக்கும் அளவுகோல் அது.

ஆகப் பயணச் செலவு 1,91,500. விசாச் செலவு 18,500. மொத்தம் 2,10,000 ரூபாய். விசாவின் பங்கு 8.8 விழுக்காடு. ஸ்டால் வாடகை, அலங்காரம், சரக்கு அனுப்பும் செலவு எதுவும் இதில் இல்லை. அவற்றையும் சேர்த்தால் விசாவின் பங்கு இரண்டு, மூன்று விழுக்காட்டுக்கு இறங்கிவிடும்.

சின்னத் தொகைதானே என்று தோன்றும். ஆனால் மற்ற எல்லாச் செலவும் வீணாகாமல் இருப்பது இந்த 18,500 ரூபாயைப் பொறுத்தே. ஸ்டாலுக்குக் கட்டிய பணம், திரும்பக் கிடைக்காத அறை முன்பதிவு, ஏற்கெனவே கடலேறிப் போன சாம்பிள் பெட்டிகள் எல்லாம் விசா வராவிட்டால் அப்படியே நஷ்டம். அதனால் இந்தச் சிறிய தலைப்பைப் பெரிய கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

மறுப்பின் அளவையும் பார்ப்போம். 2024இல் இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவுக்குப் போன விண்ணப்பங்கள் ஏறக்குறைய 11 லட்சத்து 8 ஆயிரம். மறுக்கப்பட்டவை சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம். நூற்றுக்குப் பதினைந்து. உலகம் முழுவதும் சேர்த்து அந்த ஆண்டு 1 கோடியே 17 லட்சம் விண்ணப்பங்கள். அங்கேயும் மறுப்பு கிட்டத்தட்ட 15 விழுக்காடுதான். இந்தியரை மட்டும் தனியாகப் பிடித்துத் தள்ளுகிறார்கள் என்று சொல்ல இந்த எண்கள் இடம் தரவில்லை. சுற்றுலா, உறவினரைப் பார்த்தல், வணிகம் எல்லாம் சேர்ந்த எண் இது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். வணிக விசாவுக்கு மட்டுமான விழுக்காடு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் ஒரு கணக்கு உறுத்துகிறது. மறுத்தாலும் கட்டணம் திரும்ப வராது. 1.65 லட்சம் பேரின் கட்டணத்தை, விலக்குகளைக் கழிக்காமல், அந்த ஆண்டின் முற்பகுதியில் இருந்த 80 யூரோ வீதத்திலேயே பெருக்கினாலும் 1 கோடியே 32 லட்சம் யூரோ. அன்றைய 90 ரூபாய் மதிப்பில் 119 கோடி ரூபாய். எதுவும் கிடைக்காமல் ஒரே ஆண்டில் இந்தியக் குடும்பங்களும் சிறு நிறுவனங்களும் விட்ட தொகை இது. பரிசீலனைக்குத்தான் கட்டணம், முடிவுக்கு அல்ல என்பது ஐரோப்பியத் தரப்பின் வாதம். அந்த வாதத்தை ஏற்றாலும், ஆர்மீனியா, அஜர்பைஜான் நாட்டவருக்கு அதே பரிசீலனை 35 யூரோவில் நடக்கிறது. அந்த நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தோடு விசா எளிமைப்படுத்தல் ஒப்பந்தம் செய்துகொண்டவை. இந்தியாவுக்கு அப்படியொரு ஒப்பந்தம் இல்லை. வித்தியாசம் தலைக்கு 55 யூரோ.

மறுப்பு ஏன் வருகிறது? படிவத்தில் காரணங்கள் அச்சிடப்பட்டிருக்கும். பொருந்துவதற்கு எதிரே குறியிட்டுத் தருவார்கள். வணிக விண்ணப்பத்தில் அடிக்கடி கேட்கப்படுவது இரண்டு: பயண நோக்கத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை, திரும்பிப் போவார் என்பதில் நியாயமான ஐயம் இருக்கிறது. முதலாவதை ஆவணத்தால் தீர்க்கலாம். கண்காட்சி நிர்வாகம் தரும் ஸ்டால் உறுதிச் சீட்டில் உள்ள நிறுவனப் பெயரும், ஜிஎஸ்டி பதிவில் உள்ள பெயரும், ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் சான்றில் உள்ள பெயரும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். "ஸ்ரீ"யும் "திரு"வும் ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாமல் போனால், பார்க்கிற அதிகாரிக்கு அவை இரண்டு நிறுவனங்கள். பையர் அனுப்பும் அழைப்புக் கடிதத்தில் வருகிறவரின் பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள், சந்திக்கும் காரணம், செலவை யார் ஏற்கிறார்கள் என்பது எல்லாம் இருக்க வேண்டும். கடிதத்தில் ஆறு நாள், அறை முன்பதிவில் எட்டு நாள், காப்பீட்டில் பத்து நாள் என்று மூன்று கணக்கு இருந்தால் மூன்றுமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பேங்க் ஸ்டேட்மென்ட் இன்னொரு பெரிய விஷயம். விண்ணப்பிக்கும் வாரத்தில் உறவினரிடம் வாங்கி ஐந்து லட்சத்தைக் கணக்கில் போட்டுக் காட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. மாத இறுதியில் 40,000 ரூபாய் நிற்கும் கணக்கில் திடீரென்று ஐந்து லட்சம் வந்தால், அந்த வரிதான் முதலில் கண்ணில் படும். அதைவிட, சிறியதாக இருந்தாலும் சீராக வந்துபோகும் வரவு செலவு நல்லது. ஷிப்மென்ட்டுக்கான பணம் வெளிநாட்டிலிருந்து வந்த பதிவுகள், மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, தொழிலாளர் காப்பீட்டுப் பதிவு ஆகியவை இரண்டாவது ஐயத்தையும் தீர்க்கும். நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிற ஒருவர் அந்த நாற்பது பேரை விட்டுவிட்டு பிராங்க்ஃபர்ட்டில் தங்கிவிடப் போவதில்லை என்பதை ஆவணமே சொல்லட்டும்.

மறுத்தபின் செய்யக்கூடியதும் குறைந்துவிட்டது. தூதரகத்துக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கும் வழி ஜெர்மனி விசாவில் நெடுநாள் இருந்தது, கட்டணம் கிடையாது. 2025 ஜூலை 1 முதல் அதை உலகெங்கும் நிறுத்திவிட்டார்கள். இனி பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், அல்லது புதிதாக 90 யூரோ கட்டி மறுபடியும் விண்ணப்பிக்கலாம். ஜனவரிக் கண்காட்சிக்கு டிசம்பரில் மறுப்பு வாங்கியவருக்கு முதல் வழியால் பயனில்லை.

எனவே நாட்காட்டிதான் முக்கியம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏற்க மாட்டார்கள். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள்; தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்டலாம். 2026 ஜனவரி 10 அன்று புறப்படும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் விண்ணப்பிக்கக்கூடிய முதல் நாள் 2025 ஜூலை 10. கடைசி நாள் டிசம்பர் 26. அந்த டிசம்பர் 26 ஜெர்மனியில் கிறிஸ்துமஸின் இரண்டாம் நாள் விடுமுறை. 45 நாள் ஆனாலும் தாங்க வேண்டும் என்றால் நவம்பர் 26க்குள் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். அதற்கும் முன்னால் சென்னையில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வேண்டும். தீபாவளி முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் முடித்துவிடுவதே சரி.

அந்தக் காலத்தில் பாஸ்போர்ட் தூதரகத்தில் இருக்கும் என்பதும் ஒரு செலவுதான். 15 நாள் முதல் 45 நாள் வரை வேறெந்த நாட்டுக்கும் போக முடியாது. துபாயில் ஒரு பார்ட்டி கூப்பிட்டால் போக முடியாது. நம் நாட்டில் ஒருவருக்கு ஒரே சமயத்தில் இரண்டு சாதாரணப் பாஸ்போர்ட் தருவதில்லை. பாஸ்போர்ட்டைப் பற்றிய சின்னச் சேமிப்பு ஒன்று: 36 பக்கத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. வித்தியாசம் 500 ரூபாய்க்கு 24 பக்கம். ஷெங்கன் விசாவுக்கு இரண்டு வெற்றுப் பக்கம் இருந்தாக வேண்டும். புத்தகம் பத்து ஆண்டுக்குள் கொடுத்ததாகவும், ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லுபடி உள்ளதாகவும் இருக்க வேண்டும். அடிக்கடி பறக்கிறவர் 60 பக்கம் எடுப்பதே லாபம்.

எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதில் ஒரு தவறு நிறைய நடக்கிறது. ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ, எது பயணத்தின் முக்கிய நோக்கமோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பிராங்க்ஃபர்ட்டில் ஐந்து நாள், பாரிஸில் மூன்று நாள் என்றால் ஜெர்மனி. பிரான்ஸில் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது என்று அங்கே போட்டுவிட்டு நேராக பிராங்க்ஃபர்ட்டில் இறங்கினால், இமிகிரேஷனில் கேள்வி வரும். அடுத்த விண்ணப்பத்திலும் அதன் நிழல் விழும்.

விசா கையில் கிடைத்ததும் மூன்று எண்களைப் படிக்க வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது ஒன்று. எத்தனை முறை நுழையலாம் என்பது இரண்டு. எத்தனை நாள் தங்கலாம் என்பது மூன்று. பத்து நாள் பயணத்துக்கு, ஜனவரி 10 முதல் 19 வரை கேட்டவருக்கு, ஸ்டிக்கரில் கடைசித் தேதி பிப்ரவரி 3 என்று இருக்கலாம். பயணம் தள்ளிப்போனால் உதவட்டும் என்று ஒருமுறை விசாவில் 15 நாள் கூடுதலாக வைப்பது விதி. தங்கும் நாள் மட்டும் பத்துதான். பிப்ரவரி 3 வரை இருக்கலாம் என்று எண்ணி பையர் வீட்டு விருந்துக்காக ஒரு வாரம் நீட்டியவர் சட்டப்படி வரம்பு மீறியவர்.

பலமுறை விசா வைத்திருப்பவர்களுக்கு 180 நாளில் 90 நாள் என்ற கணக்கு. இது ஜனவரி, ஜூலை என்று பிரிக்கும் அரையாண்டுக் கணக்கு இல்லை. எந்த நாளில் நிற்கிறோமோ அந்த நாளிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். உள்ளே நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் சேரும். ஓர் உதாரணம்: ஜனவரி 8 முதல் 19 வரை 12 நாள், ஏப்ரல் 20 முதல் மே 9 வரை 20 நாள், ஜூன் முழுவதும் 30 நாள். ஜூன் 30 அன்று பின்னோக்கி எண்ணினால் ஜனவரி 2 வரை போகும். பயன்படுத்தியது 62, மிச்சம் 28. ஜூலையில் கரூரிலேயே இருந்துவிட்டு ஜூலை 31 அன்று எண்ணிப் பார்த்தால் வரம்பு பிப்ரவரி 2இல் நின்றுவிடும். ஜனவரியின் 12 நாள் உதிர்ந்துவிடும். மிச்சம் 40. முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் மங்கலாக விழுந்த முத்திரையை வைத்து அதிகாரி விரல்விட்டு எண்ணினார். 2025 அக்டோபர் 12 முதல் மின்னணு வரவு வெளியேற்றப் பதிவு படிப்படியாக வந்துவிட்டது, கணினி எண்ணுகிறது. ஒரு நாள் கூடினாலும் அது பதிவாகும்.

சாம்பிள் எடுத்துப்போகிறவர்களுக்கு இரண்டு வழி. காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரும் மதிப்புள்ள சாம்பிள்களுக்கு ஏடிஏ கார்னே என்ற ஆவணம் உண்டு. இந்தியாவில் ஃபிக்கி என்ற தொழில் வணிகக் கூட்டமைப்பு அதைத் தருகிறது, ஓராண்டு செல்லும், அங்கே சுங்கவரி கட்ட வேண்டியதில்லை. பையர் வைத்துக்கொள்ளும் துண்டுத் துணி என்றால் கிழித்தோ துளையிட்டோ அழியாத முத்திரை குத்தியோ விற்க முடியாதபடி செய்துவிட்டால் மதிப்பில்லாச் சாம்பிள் என்று விடுவார்கள். கைப்பணமாக வெளிநாட்டு நோட்டு 3,000 டாலர் மதிப்பு வரைதான் ஒரு பயணத்துக்கு எடுக்கலாம். மீதியை கார்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இனி மிச்சத்தைப் பார்ப்போம். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான். 2024 ஏப்ரல் 18 அன்று இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கென்று ஐரோப்பிய ஆணையம் தனி விதி ஒன்றைக் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி அவற்றை முறையாகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்தது இரண்டு ஆண்டுக்கான பலமுறை விசா. அதையும் முறையாகப் பயன்படுத்தினால், பாஸ்போர்ட்டில் காலம் இருக்கும்பட்சத்தில், அடுத்தது ஐந்து ஆண்டுக்கு. மற்ற நாட்டவருக்கான பொது விதியில் இரண்டு ஆண்டுக்குள் மூன்று விசா, பிறகு ஓராண்டு விசா, பிறகுதான் இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு. நமக்கு ஒரு படி முழுவதும் குறைந்திருக்கிறது.

ஆண்டுக்கு ஒரே ஒரு ஹைம்டெக்ஸ்டில் மட்டும் போகிறவருக்குப் போடுவோம். முதல் ஆண்டு ஒரு விசா, இரண்டாம் ஆண்டு ஒரு விசா. மூன்று, நான்காம் ஆண்டுகளுக்கு ஒரே விசா. ஐந்து முதல் ஒன்பது வரை ஒரே விசா. ஒன்பது கண்காட்சிக்கு நான்கு விசா. ஆண்டுதோறும் புதிதாக வாங்குகிறவருக்கு ஒன்பது விசா. என் கணக்கில் காப்பீடு ஒவ்வொரு பயணத்துக்கும் வேண்டும் என்பதால் அதைக் கழித்தால் ஒரு விண்ணப்பத்துக்கு 17,000 ரூபாய். மிச்சம் ஐந்து விண்ணப்பம், 85,000 ரூபாய். அதோடு ஐந்து சென்னைப் பயணம், ஐந்து முறை பாஸ்போர்ட்டைப் பிரிந்திருக்கும் வாரங்கள், நூற்றுக்குப் பதினைந்து என்ற ஆபத்தை ஐந்து முறை எதிர்கொள்ளும் கவலை. ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை பையரைப் பார்க்கப் போகிறவருக்கு மிச்சம் இன்னும் பெருகும். விரல் ரேகையும் 59 மாதம் கோப்பில் இருக்கும். அதற்குள் விண்ணப்பித்தால் பொதுவாக மறுபடி கொடுக்க வேண்டியதில்லை.

இந்த மிச்சத்தைக் கெடுப்பது சின்னச் சின்ன விஷயங்கள். வாங்கிய விசாவில் போகாமல் விட்டால் அது "பயன்படுத்தியது" ஆகாது. ஜெர்மனியில் வாங்கிவிட்டு முழுப் பயணத்தையும் சுவிட்சர்லாந்தில் கழித்தால் முறையான பயன்பாடு என்று ஏற்பது கடினம். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் இரண்டரை ஆண்டே பாக்கி இருக்கும்போது ஐந்து ஆண்டு விசா வராது; ஆகவே நான்காம் விண்ணப்பத்துக்கு முன் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுவது நல்லது. பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அதிலுள்ள விசாக்கள்தாம் உங்கள் சாட்சி. கவரிங் லெட்டரில் பலமுறை விசா வேண்டும் என்று எழுத வேண்டும், ஏன் என்றும் எழுத வேண்டும்: அடுத்த ஆண்டுக் கண்காட்சியின் தேதி, இடையில் பையரின் கிடங்கைப் பார்க்க வேண்டிய தேவை, தர ஆய்வுச் சந்திப்பு. கேட்காதவருக்குப் பெரும்பாலும் ஒருமுறை விசாதான் வருகிறது.

எதிர்த்திசைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கரூருக்கு வரும் ஜெர்மன் பையர் எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை. பயணத்துக்கு நான்கு நாள் முன்புவரை இணையத்தில் விண்ணப்பித்து, ஓராண்டு செல்லும் பலமுறை வணிக இ-விசாவோடு, கரூரிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்சி விமான நிலையத்திலேயே இறங்கலாம். பாஸ்போர்ட் அவர் பையிலேயே இருக்கும். வாங்குகிறவருக்கு நான்கு நாள், விற்கிறவருக்கு 45 நாள் வரை. நாம் போகும் இன்னொரு நாட்டோடும் ஒப்பிடலாம்: அமெரிக்கா நேர்காணலுக்கு மாதக்கணக்கில் காக்க வைக்கும் என்றாலும், 185 டாலருக்குப் பொதுவாகப் பத்து ஆண்டு பலமுறை விசா தருகிறது. ஆண்டுக்குப் பிரித்தால் 18 டாலர் 50 சென்ட். 2025 ஜூலையில் அங்கே நிறைவேறிய சட்டம் மேலும் 250 டாலர் வசூலிக்க வழி செய்திருக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கரூர், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கங்களுக்கும், 1965 முதல் சென்னையில் இயங்கும் கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தூதரகத்திலும் வந்த விண்ணப்பம் எத்தனை, மறுத்தது எத்தனை, பலமுறை விசா கொடுத்தது எத்தனை என்பதை ஐரோப்பிய ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. நம் தரப்பில் அப்படியொரு பதிவு வேண்டும். கண்காட்சிக்குப் பெயர் கொடுத்த உறுப்பினர்களில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை நாளில் முடிவு வந்தது, எத்தனை பேருக்கு எந்தக் காரணத்தில் மறுத்தார்கள், இரண்டு விசாவை முறையாக முடித்த எத்தனை பேருக்கு இரண்டு ஆண்டு விசா கிடைத்தது, எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பத்திகளை ஒவ்வொரு பிப்ரவரியிலும் நிரப்பி, மார்ச்சில் சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்திடமும் டெல்லியில் வர்த்தக அமைச்சகத்திடமும் கொடுங்கள். 35 யூரோ ஒப்பந்தம் கேட்கப் போகும்போது மேசையில் வைக்க நமக்கு அந்தத் தாள் தேவைப்படும்.